பையோடு நடக்க மாட்டேன்

"பையைத் தொங்கவிட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி என்னால நடக்க முடியாது. வேணும்னா வயித்தைக் கிழிச்சு எடுத்துடச் சொல்லு."

படுத்திருந்த கணவர் இப்படிச் சொன்னதும், கட்டிலருகே நின்ற மனைவிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. துறைமுகத்தில் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மனிதர். ஊசிக்கும் பயமில்லை, கத்திக்கும் பயமில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் பார்க்க வந்து, பையைக் கண்டுவிடுவார்களே என்பதுதான் அவர் கவலையெல்லாம்.

வயிற்றுவலி தொடங்கி ஆறு நாளாகிவிட்டது. எப்போதோ குடல்வால் வெடித்திருந்தது. உள்ளே ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சீழ்க்கட்டி. இரண்டு நாளாக மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, இப்போது கிழித்தால் ஆபத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, குழாய் வைத்துச் சீழைப் பையில் வடிய விடலாம் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைத்துவிடும், மதியத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னார். படிவம் காலையிலிருந்து தலையணைக்கடியில் கசங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனும் மச்சான்களும் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு அம்மாள் உள்ளே வந்தார்.

"வழியை அடைக்காதீங்க. அப்படியே உள்ள தள்ளி நில்லுங்க."

குரலில் அப்படியொரு அதிகாரம். பெரிய சிஸ்டர் போலிருக்கிறது என்று அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள். நிமிர்ந்த நடை, அவசரமே இல்லை. குளிருக்கோ என்னவோ, தோளிலிருந்து முழங்கால்வரை சால்வை போர்த்தியிருந்தார்.

"நடுவுல ஒருநாள் வலி சுத்தமா நின்னிருக்குமே?" என்று நேராகக் கணவரைக் கேட்டார்.

கணவர் திருதிருவென்று விழித்தார்.

"அப்பாடா, விட்டுதுன்னு வேலைக்குப் போயிட்டீங்க. அதுதான் வெடிச்ச நேரம்."

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மறைத்த விஷயம் அது. விட்டது சனியன் என்று அன்றைக்கு இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டல்லவா வந்தார் மனுஷன்.

குழாய் வைக்கும்போது எப்படியிருக்கும் என்று அவள்தான் மெல்லக் கேட்டாள். மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள், சுருக்கென்று இருக்கும், அப்புறம் உள்ளே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு நிமிஷம், அவ்வளவுதான், காய்ச்சல் விட்டதும் எத்தனை நாள் தூக்கமோ அத்தனையும் சேர்ந்து வரும் என்று அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னார். படிப்பு என்றால் இதுவல்லவா படிப்பு என்று மனைவி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

கணவர் மசிகிறவராக இல்லை.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. பையோட நடக்கப்போறது நான்தானே? பார்க்கிறவன் கண்ணெல்லாம் அதுலதான் இருக்கும்."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கண்டக்டரம்மா, இங்கயா இருக்கீங்க? உங்களை வார்டு வார்டாத் தேடிட்டு வர்றேன். நாலு நாளைக்கு முன்னாடி கட்டிலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வேண்டவே வேண்டாம்னு அழுதவங்களா இது? வாங்க, இன்னிக்கு எவ்வளவு வடிஞ்சிருக்குன்னு அளக்கணும்."

அந்த அம்மாள் சால்வையை விலக்கினார். இடுப்பிலிருந்து குழாயும் பையும் தொங்கின.

"கால் மணி நேரமா உங்க முன்னாடிதான் நிக்கிறேன் தம்பி. யார் கண்ணுல பட்டுது?" என்று கேட்டுவிட்டு, வந்த மாதிரியே நிமிர்ந்து நடந்து போனார்.

கணவர் தலையணைக்கடியிலிருந்து படிவத்தை எடுத்து, மார்மேல் வைத்துக் கசங்கலை நீவிவிட்டு, பேனாவுக்காக மனைவியிடம் கையை நீட்டினார்.