மசியாத போல்ட்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த லோவெலுக்கு, அந்த ஒரு போல்ட்டின் மேல் வந்த கோபம் அதுவரை எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. எண்ணெய்த் தட்டின் மற்ற போல்ட்டுகளெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்றுவிட்டன. பின் மூலையில், புகைக்குழாய்க்கு மேலே ஒளிந்திருந்த ஒன்று மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மர ஆலையில் இரவு வேலை முடித்து அவர் வீடு திரும்பியபோதே வெள்ளை பிக்கப் வாசலில் நின்றது. சாவி உள்ளேயே கிடந்தது. ஹேவர் ஊரிலிருந்து பழைய பிக்கப்பை அவருக்கு விற்றவர் ஃபோனில் சொன்னதும் அதுதான்: காலையிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார், யாரையும் எழுப்ப மாட்டார், மகன் பின்னாலேயே காரில் வந்து அழைத்துப் போய்விடுவான்.

விற்றவர் இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கியர் எண்ணெய் மாற்றிப் பல வருஷமாகிறது. மேட்டில் ஏறும்போது உதைக்கும். முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

மறுநாளே மேடு ஏறியாக வேண்டியிருந்தது. மகள் கெல்சியின் வீட்டுச் சாமான் முழுவதும் இழுவண்டியில் ஏற்றிக் கட்டித் தயாராக நின்றது. சாயங்காலத்துக்குள் மலைக்கணவாயைத் தாண்டாவிட்டால், வரப்போகிற பனி வழியை மூடிவிடும். பட்டறையில் கேட்டதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். லோவெல் தூக்கத்தை ஒத்திப்போட்டுவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

போல்ட் போதாதென்று மேலேயிருந்து ஒரு தொல்லை. பக்கத்து வீட்டு ஹாகன் அம்மாளின் கூரைக்குப் புது ஓடு அடிக்க வந்த ஆள், ஆணி அடிப்பதும் இவரை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். கியர் எண்ணெயா மாற்றுகிறீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றதும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நல்ல காரியம், ரெண்டாவதிலிருந்து மூணாவதுக்குப் போகும்போது உதைக்குமே என்றான்.

பழைய பிக்கப் என்றால் எல்லாமே உதைக்கத்தான் செய்யும், இதைச் சொல்லக் கூரைமேல் ஏற வேண்டுமா என்று லோவெல் தனக்குள் முனகிக்கொண்டார்.

ஸ்பேனர் மறுபடி வழுக்கியது. விரல் முட்டி இரும்பில் இடித்துத் தோல் வழன்றது. அவர் திட்டிய திட்டு மேலே கேட்டிருக்க வேண்டும். சுத்தியல் சத்தம் நின்றது.

"அந்தப் பின் மூலை போல்ட்டுதானே அண்ணே? நேரா போனா வராது. ஸ்பேனர்ல நீளக் கம்பியை மாட்டி, முன்பக்கத்துலேருந்து திருப்புங்க."

"நீ உன் ஓட்டைப் பாருப்பா."

பிடிவாதமாக இன்னும் கொஞ்ச நேரம் நேராகவே முயன்றார். போல்ட்டின் தலை தேய ஆரம்பித்தது. கடைசியில் வேறு வழியின்றி, மேலே இருப்பவன் பார்க்கக் கூடாதே என்ற நினைப்போடு நீளக் கம்பியை மாட்டினார். ஒரே திருப்பில் கழன்றது. கழலாமல் இருந்தபோது வந்த எரிச்சலைவிட இப்போது வந்த எரிச்சல் பெரிதாக இருந்தது.

கழன்ற வேகத்தில் எண்ணெய்த் தட்டு சாய்ந்து, கருகல் நாற்றத்தோடு கறுப்பு எண்ணெய் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. மனைவி மார்னி பழைய துண்டோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"பட்டறையில விட்டிருந்தா அவன் சட்டையோட போயிருக்கும்" என்றாள்.

லோவெல் துண்டை வாங்கிக் கழுத்தைத் துடைத்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும் போலிருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. புது வடிகட்டியை மாட்டி, தட்டைத் துடைத்து ஏற்றி, புனல் வைத்துச் சிவப்பு எண்ணெயை ஊற்றினார். தன் காசில் வாங்கி வைத்திருந்த விலை உயர்ந்த எண்ணெய், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே போனது. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். கியர் மாறியதே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் இருந்தது. திரும்பி வந்து நிறுத்தியபோது கூரைமேல் இருந்தவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். நாள் முழுக்க அவன்மேல் இருந்த கடுப்பு போய், லோவெலும் பதிலுக்கு விரலைத் தூக்கினார். தோல் வழன்ற விரல்தான், ஆனால் வலிக்கவில்லை.

கூரை வேலையும் முடிந்தது. அவன் ஏணியைச் சுமந்துகொண்டு இறங்கி வந்து, கேட்காமல் கொள்ளாமல் பிக்கப்பின் பின்பக்கத்தில் அதைச் சரித்து ஏற்றினான். சுத்தியல் பெட்டியையும் தூக்கிப் போட்டான். இது என்ன வழக்கம் என்று லோவெல் கையைத் துடைத்துக்கொண்டு அவனை நோக்கி நகர்ந்தபோது, மார்னி ஃபோனை நீட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"லோவெல், ஹேவர்காரர் பேசுறார். காலையில கிளம்ப முடியலையாம், இப்ப வழியும் தப்பிட்டாராம். வண்டியை வெச்சுக்கிட்டு நெடுஞ்சாலையில நிக்கிறார், நம்ம வீட்டுக்கு எங்க திரும்பணும்னு கேக்குறார்."

லோவெல் ஃபோனை வாங்கவில்லை. கூரைக்காரன் அதற்குள் ஏறி உட்கார்ந்து, இருக்கையைத் தன் காலுக்குத் தக்கபடி பின்னால் தள்ளியிருந்தான். ஜன்னல் வழியே கையை நீட்டி, எண்ணெய் வழிந்த அவர் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினான்.

"வண்டியைப் பக்கத்து வீட்டு வாசல்ல விட்டுக்கோ, அவர் நல்ல மனுஷன்னு ஹாகன் அம்மா சொன்னாங்க, இவ்வளவு நல்லவர்னு சொல்லவே இல்லையே அண்ணே."