நாற்பத்திரண்டாம் எண் மீது புகார்

சேற்றில் ஓட்டி, தடை வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் அது. பந்தயச் சங்கச் செயலாளரின் மேஜைக்கு வந்த அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நாப்பத்திரண்டாம் நம்பர் பொண்ணை ஏன் இன்னும் புதுசா ஓட்டறவங்களோட விடறீங்க? நாலு வாரமா அவதான் முதல்ல வர்றா. மத்த பொண்ணுங்க பாவமில்லையா? மூணு தடவை ஜெயிச்சா மேல் பிரிவுக்கு மாத்தணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

செயலாளர் பட்டியலைப் புரட்டினார். உண்மைதான்.

"தப்புதாம்மா. உங்க பொண்ணு அவகிட்ட தோத்துட்டாளா?"

"எனக்குப் பொண்ணே கிடையாது சார். நியாயம்னா நியாயம்தான்."

பிரிவை மாற்றியதாகச் சொன்னதும் நாற்பத்திரண்டாம் எண்ணின் முகம் வாடிவிட்டது. "அங்க எல்லாரும் புலிங்க சார். நான்தான் கடைசி."

செயலாளருக்கே மனசு கேட்கவில்லை. ஆறுதல் வார்த்தைகளோடு மேல் பிரிவுப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் காத்திருந்தார். தலைமுதல் கால்வரை சேறாக வந்து சேர்ந்தவள், சைக்கிளைப் போட்டுவிட்டு அந்த அம்மாளை நோக்கி ஓடினாள். சண்டைதான் என்று பதறிப்போய் செயலாளரும் பின்னால் ஓடினார்.

அவள் அந்த அம்மாளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை! பதினெட்டுப் பேர்ல ஏழாவது! முன்னால துரத்த ஆள் இருந்தா காலு என்னமா பறக்குது!"

புடவையெல்லாம் சேறான மாமியார், மருமகளின் தோளுக்கு மேலாகச் செயலாளரைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.