மடியில் கேப்டன்

விமானம் மணலில் முட்டி, எகிறி, மறுபடி முட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி நின்றது.

இத்தாலிய விமானப்படையின் கேப்டன் ஸ்கார்பா அதை நோக்கி ஓடி வந்தார். அவருடைய சொந்த விமானம் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால், பாலைவனத்தின் விளிம்பில், ஆங்கிலேயர்களின் கவச வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன.

இறக்கையைப் பிடித்து ஏறப் போனவர், ஓட்டி வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சார்ஜெண்ட் இலாரியோ பெல்லூக்கோ.

"நீ பறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்க, கேப்டன். அதை இங்கயே நின்னு பேசலாமா, இல்ல போற வழியில பேசிக்கலாமா?"

ஸ்பெயினில் தொடங்கி லிபியா வரை இலாரியோ ஓட்டியதெல்லாம் இரட்டை இறக்கை விமானம்தான். துணி போர்த்திய உடல், மூடியில்லாத இருக்கை, முகத்தில் அறையும் காற்று. ஆங்கிலேயர்களின் புது ஒற்றை இறக்கை விமானங்களோடு வேகத்தில் போட்டி போட அதனால் முடியாது. திரும்புவதில் முடியும். அவனைத் துரத்தி வந்தவர்களில் பலர், கண்ணிமைக்கும் நேரத்தில் அவன் தங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் கடைசியாகக் கண்டதும் அதுதான்.

அப்படிப்பட்டவனைத்தான் போன வாரம் கேப்டன் கூப்பிட்டு, இனி நீ பறக்க வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. இலாரியோவும் கேட்கவில்லை. சமையல் கூடாரத்தில் போய் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கேப்டனுக்குப் பொறாமை என்று படையணி முழுக்கப் பேச்சு. எதிரி விமானங்களை வீழ்த்தியதில் சார்ஜெண்ட் அவரைத் தாண்டப் போகிறான், பொறுக்கவில்லை என்றார்கள்.

இன்று காலை சண்டைக்குப் போன விமானங்கள் கேப்டன் இல்லாமல் திரும்பின. காய்ந்த ஆற்றுப் படுகைக்கு அப்பால் விழுந்துவிட்டார், உயிரோடுதான் இருக்கிறார், கையாட்டினார் என்றார்கள். லாரி அனுப்பலாமா, எந்த வழியாக அனுப்பலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, சூடு ஆறாத ஒரு விமானத்தில் ஏறி இலாரியோ கிளம்பிவிட்டான். அதன் துப்பாக்கிகளில் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை.

இப்போது அவன் முதுகிலிருந்த பாராசூட்டைக் கழற்றி மணலில் எறிந்தான். கேப்டனும் தன்னுடையதை எறிந்தார்.

ஒருவர் உட்காரும் இருக்கை. இலாரியோ கீழே, கேப்டன் அவன் மடியில்.

"என்னதான் சாப்பிடறீங்க, கேப்டன்? கால் மரத்துப் போச்சு."

"வாயை மூடிட்டு மிதியைப் பாரு."

ஓட்டும் தடி கேப்டனின் கையில். மிதிகள் இலாரியோவின் காலுக்குக் கீழே. கேப்டனின் வியர்வை ஊறிய முதுகைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

காற்று கவச வண்டிகள் வரும் பக்கத்திலிருந்து அடித்தது. எழும்ப வேண்டுமென்றால் அவற்றை நோக்கித்தான் ஓட வேண்டும்.

ஓடினார்கள்.

கேப்டன் "இடது" என்றார். இலாரியோ இடது காலை அழுத்தினான். "வலது" என்றார். வலது காலை அழுத்தினான். கீழ் இறக்கையின் துணி படபடவென்று கிழிந்தது. குண்டுகள். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்க, இரண்டு பேரின் பற்களும் அடித்துக்கொண்டன. இரட்டைப் பாரத்தோடு விமானம் மூச்சு வாங்கியது. எழும்ப மறுத்தது.

பிறகு எழும்பியது.

முதல் கவச வண்டியின் மேல் நின்று சுட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று குப்புறப் படுத்தான். சக்கரங்கள் அவன் தலைக்கு மேல் உரசாத குறையாகப் போயின. கீழே புழுதி. மேலே கழுவி விட்டதுபோல் வானம்.

கேப்டன் சிரிக்கத் தொடங்கினார். அந்தக் குலுங்கல் இலாரியோவின் நெஞ்சில் தெரிந்தது. அவனும் சிரித்தான்.

தளத்தில் இறங்கியபோது படையணி மொத்தமும் மைதானத்தில் நின்றது. ஒரே இருக்கையிலிருந்து இரண்டு தலைகள் நீண்டதும், மெக்கானிக்குகள் தொப்பிகளை வானத்தில் எறிந்தார்கள். கேப்டன் முதலில் குதித்தார்.

"நான் வெறும் மூட்டை. எல்லாம் இவன்தான்" என்றார்.

அது போதுமானதாக இருந்தது. இலாரியோவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். சுருதி சேராமல் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

சமையல்காரர் தகரக் கோப்பையில் ஒயினை நிரப்பிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, வலது பக்கத்திலிருந்து அவனிடம் நீட்டினார். இலாரியோ வாங்கவில்லை. எதிரே பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

கேப்டன் அந்தக் கோப்பையை வாங்கினார். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், அவன் கையில் வைத்தார்.

இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் என்று கூட்டம் கைதட்டியது. இலாரியோ ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான்.

போன மாதச் சண்டையில் தலையில் பட்ட அடியோடு அவனுடைய வலது கண்ணின் பார்வை போய்விட்டது. அவனைத் தவிர அது கேப்டன் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று மாலையும் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.