யாரும் வாசிக்காத குறிப்பு

அறையிலிருந்த தொலைபேசிகள் எல்லாம் ஓயாமல் அலறிக்கொண்டிருக்க, யசோதினி ஆற அமர உளுந்து வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கைவைக்க இடமில்லாமல் தாள் குவிந்து கிடக்கும் அவள் மேசையில், இன்று வடைத் தட்டு தாராளமாக உட்கார்ந்திருந்தது.

பதுளை கடைவீதி மாடியிலிருந்த அந்த அறைக்கு அவள்தான் பொறுப்பு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்தராசில் கம்பெனி எதையாவது மாற்றினால், எதை அமுக்குவது, எதைத் தொடக்கூடாது என்று குறிப்பு எழுதித் தோட்டங்களுக்கு அனுப்புவது அவளும் மூன்று பெண்களும் செய்துவந்த வேலை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் ஆட்கள் மலைக்குப் போவார்கள்.

போன வாரம் கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி குமாரசிங்கம் அந்த வேலைக்கு வேட்டு வைத்துவிட்டுப் போனார்.

"தோட்டத்தில உந்தக் குறிப்பெல்லாம் ஆர் வாசிக்கப் போகினம்? இனி எழுத வேண்டாம். மாத முடிவோட இந்தப் பிரிவைப் பூட்டுறம்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்று காலை தராசில் புது மாற்றம் வந்தது. முதலில் அழைத்தது லுணுகலைத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் பாக்கியலெட்சுமி.

"யசோ, தராசு நேத்து மாதிரி இல்லம்மா. என்னென்னமோ கேக்குது. எத அமுக்குறது?"

"பழைய தராசுல நிறுத்து, கையால எழுதி வைங்கக்கா. யாருக்கும் ஒரு கிலோ கொறையக் கூடாது. மத்தத கேக்க கொழும்பு சாரோட நம்பர் தாரேன்."

கூப்பிட்ட எல்லோருக்கும் அதே பதில்தான். அந்த மூன்று பெண்களில் ஒருத்தியான ஹம்ஸியா அவள் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, இன்னைக்கே வேல போயிரும்."

"போனா போகட்டும். நான் யாருக்கும் பயந்து சாகப் போறதில்ல."

அடுத்து வந்தது குமாரசிங்கத்தின் அழைப்பு.

"உங்களுக்கென்ன விசரே? விடியத் தொடக்கம் எல்லாரும் எனக்குப் போன் அடிக்கினம். பூட்டுறம் எண்ட கோவத்தில வேணுமெண்டு பிழையாய் எழுதி அனுப்பினனீங்களோ?"

"இல்லீங்க சார்."

"பின்னை? அந்தக் குறிப்பில எந்த வரி பிழை? உடனை திருத்துங்கோ. இல்லாட்டி நாலு பேரும் இண்டைக்கே வீட்டை போங்கோ."

யசோதினி கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"யாரும் வாசிக்கிறதில்ல, இனி எழுதாதீங்கன்னு நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டோம் சார்."