பத்துக்கு நாலு

"பத்துக்கு நாலா? போடறப்ப கை கூசலையா உனக்கு?"

பத்திரிகை ஆசிரியர் தாளை மேசைமேல் விசிறியடித்தார். அவள் தலை குனியவில்லை. "மூணுதான் போட்டிருக்கணும் சார். பின்னணி இசைக்காக ஒண்ணு சேர்த்துப் போட்டேன்" என்றாள்.

அந்த நாலு மார்க்கை வாங்கியது, உலகமே தூக்கிவைத்துக் கொண்டாடும் ஒரு வீடியோ கேம். குதிரையேறி வடக்குச் சீமைவரை எந்தத் திசையிலும் போகலாம், எல்லையே கிடையாது என்ற விளம்பரத்தோடு அடுத்த மாதம் கடைக்கு வரவிருந்தது. முன்கூட்டியே பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட பிரதியை விளையாடிப் பார்த்து விமர்சனம் எழுதியவள் அவள். நேற்று மாலை அந்த விமர்சனம் இணையத்தில் வெளியானதிலிருந்து அலுவலகம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"அம்பத்திமூணு பத்திரிகை எழுதியிருக்கு. ஒருத்தர்கூட ஒம்போதுக்குக் கீழ இறங்கல. நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சியா?"

"குதிக்கல சார். பதினோரு நாள் உக்காந்து விளையாடினேன்."

அது பொய்யில்லை. அவள் வலது கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

ஆசிரியர் பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார். "டேய் கமா, மத்தவங்க எழுதினதைப் படி. காதுல விழட்டும்."

கமா என்பது உதவி ஆசிரியரின் பட்டப்பெயர். யார் எழுதியதிலும் கமாவைத் தவிர வேறெதையும் மாற்றும் அதிகாரம் அவனுக்கு இல்லை. கணினித் திரையைப் பார்த்து ஒப்பித்தான். "'வடக்குச் சீமை இந்த விளையாட்டின் மணிமுடி.' இது ஒருத்தர். 'வடக்குச் சீமையை மணிமுடி என்றே சொல்வேன்.' இது இன்னொருத்தர். அடுத்ததும் மணிமுடிதான் அக்கா."

"பாத்தியா, எல்லாரும் ஒரே வாயா சொல்றாங்க! நீ என்ன எழுதியிருக்கே?" ஆசிரியர் தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். "'வடக்கே பாலத்தைத் தாண்டினால் வெறும் புல். ஒரே குடிசையை நாற்பது இடத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்கு இத்தனை பெரிய வரைபடம் எதற்கு?' மனசாட்சி இருக்கா உனக்கு?"

"அந்தப் புல்லுலயே நாலு நாள் சுத்தினேன் சார். பாத்ததைத்தான் எழுத முடியும்."

"நானும் விளையாடினேம்மா. வடக்குச் சீமையில எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தெரியுமா?"

"எந்த இடத்துல சார்?"

"இந்த இடம்னு சொல்ல முடியுமா? மொத்தமாவே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அதிர்ந்தது. நேற்றிலிருந்து முகம் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் திட்டி அனுப்பியிருந்தார்கள். போய்ச் சட்டி கழுவு என்பதுதான் அதில் மரியாதையான வசவு. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டாள். இது அவள் தம்பி.

'அக்கா, நீ விளையாடாமலே எழுதிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. என் ஃபிரண்ட்ஸ் மூஞ்சியில முழிக்க முடியல. நெஜமாவா?'

கூடப்பிறந்தவனே கேட்டுவிட்டான்.

"இங்க பாரு" என்று ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "நாலை ஒம்போதாக்கு. 'அவசரத்தில் நேர்ந்த பிழை, மன்னிக்கவும்'னு ரெண்டு வரி சேர்த்துடு. முடியாதுன்னா இன்னிக்கே கிளம்பிடு."

"மன்னிப்புதானே? கேக்கறேன்" என்று அவள் எழுந்தாள். "ஆனா இதுக்கு இல்ல. உங்க பேச்சைக் கேட்டு, ஒம்போது வருஷமா கண்ட குப்பைக்கெல்லாம் ஏழு ஏழுன்னு போட்டேனே, அதுக்குக் கேக்கறேன். படிக்கிறவங்ககிட்ட!"

அவள் இழுப்பறையைத் திறந்து ஹெட்ஃபோனையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் திணித்தாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பிடித்து இழுத்ததில் அது கையோடு வந்துவிட்டது. பையை அப்படியே தோளில் மாட்டினாள்.

ஆசிரியரின் மேசைத் தொலைபேசி மணியடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "கேமை உருவாக்கினவரே கூப்பிடறார். நில்லு! நீயும் கேட்டுட்டுப் போ" என்று ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"ஐயா வணக்கம்! நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன். அந்தப் பொண்ணை இப்பவே வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

"ஐயையோ, அவங்களையா? அவங்ககிட்ட பேசத்தானே கூப்பிட்டேன்!" எதிர்முனைக் குரலில் களைப்பு தெரிந்தது. "அவங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. எங்க ஆளு ஒருத்தர் கைமறதியா, பாதி முடிச்ச பழைய பிரதியை எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிட்டார்."

ஆசிரியர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அதனால என்னங்க? ஏதோ சின்னச் சின்னக் குறை இருக்கும், யாரும் கவனிக்கல. வடக்குச் சீமை ஒண்ணுக்காகவே பத்துக்குப் பத்து போடலாமே!"

கமாவின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். எதிர்முனைக் குரல் மெல்ல வந்தது.

"சார், அந்தப் பிரதியில வடக்குச் சீமையே கிடையாதுங்க."