ஆறிய கைக்கு ஒரு கட்டு

"ஆறிடுச்சுன்னு சொல்லாதீங்க சிஸ்டர். இன்னும் ஒரு வாரத்துக்குக் கட்டு ஒட்டி விடுங்க."

பதினான்கு வருடமாகக் காயங்களுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ், இப்படி ஒரு வேண்டுகோளைக் கேட்டதே இல்லை. இஸ்திரிப் பெட்டி சுட்டிருந்த அந்த அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேடினாலும் காயம் கிடைக்கவில்லை.

"இந்த ஜெல் டிரஸ்ஸிங் கிருமியையும் அண்ட விடாது, புண்ணையும் வறண்டு போகாம ஈரமா வச்சிருக்கும். அதான் சட்டுனு ஆறிடுச்சு. சந்தோஷப்படுங்கம்மா."

"இவ்வளவு அவசரமா ஆத்தச் சொல்லி யார் அழுதா? பழைய களிம்புன்னா ஒரு மாசமாவது இழுத்திருக்கும்."

"எதுக்கு இழுக்கணும்?"

அந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். கணவர் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டு இருக்கிறவரைக்கும் சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவர்தான். கல்யாணமான நாள்லேர்ந்து இப்பத்தான் அடுப்படியில வேற ஒருத்தர் இருமுற சத்தம் கேட்குது. அதுவும் ஒரு சங்கீதம்! கட்டைப் பிரிச்சா கரண்டி மறுபடி என் கைக்கு வந்துடும். ஒரே ஒரு வாரம், தாயே!"

"இது கண்ணாடி மாதிரி இருக்கும்மா. உள்ள ஒண்ணும் இல்லைன்னு பார்த்துட மாட்டாரா?"

"அவரா? இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் தோளோட வெட்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள் கழிச்சு, 'இளைச்சுட்டியா?'ன்னு கேட்டார்."

நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்வது தன் வேலையில் சேராது என்று ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தாள். செய்துகொண்டே உறையைப் பிரித்து, ஆறிய கையில் புது டிரஸ்ஸிங்கை ஒட்டியும் விட்டாள்.

வெளியே வந்து, "இன்னும் ஒரு வாரம் கையைத் தண்ணியில வைக்கக் கூடாது சார்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"இன்னொரு வாரமா!" அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், அடுத்தது எனக்குத்தான் ஒரு கட்டில் போடணும்."

மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாதி வழி போனவர், குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். பெஞ்சடியில் குனிந்தவர் நிமிராமலே பேசினார்.

"வெள்ளிக்கிழமையே ஆறிட்டது எனக்கும் தெரியும் சிஸ்டர். அடுத்த வாரமும் கேட்பா, மாட்டேன்னுடாதீங்க. இருபத்தாறு வருஷத்துல, அவ என்கூட உட்கார்ந்து சூடா சாப்பிடறதை இப்பத்தான் பார்க்கறேன்."