முதல் விருப்பம்

கல்லூரிச் சேர்க்கைக் கூடத்தின் ஜன்னல் வெயிலில் மேசைக் கண்ணாடி கண்ணைக் கூசவைக்கிறது. விண்ணப்பத்தில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று அவள் எழுதியதை அடித்துவிட்டு, அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதுகிறார். பேனா கரகரக்கிறது. அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமலே அப்பாவிடம் சொல்கிறார்: "நல்ல முடிவு சார். அதுல சேர்ந்தா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா மிஷினோட அலையணும். இந்தப் பொண்ணுக்கு உக்காந்து பார்க்கிற வேலைதான் சரி." அப்பா தலையாட்டுகிறார். அவளுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. குனிந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஒட்டுப்பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்கிறாள். அந்தச் சத்தத்துக்கு வரிசையே திரும்புகிறது. செயற்கைக் காலைக் கழற்றி விண்ணப்பத்தின் மேல் தடாலென்று வைக்கிறாள். அதன் உள்விளிம்பில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. "இதைச் செஞ்சவர் ஒரு நாளாவது இதைப் போட்டு நடந்திருப்பாரா? எனக்கு நான் செஞ்சுக்கறேன். இதைச் செய்யக் கத்துத் தர்ற படிப்பை ஏன் அடிச்சீங்க?" முழங்காலுக்குக் கீழே வெந்து சிவந்திருக்கும் புண்ணை அப்பா இப்போதுதான் பார்க்கிறார். "எப்பம்மா இது?" "நாலு வருஷமா." மேசை விளிம்பை ஒரு கையால் இறுகப் பற்றி ஒற்றைக் காலில் நிற்கிறாள், மறு கையைப் புதுப் படிவத்துக்காக நீட்டியிருக்கிறாள்.